தாது வருஷப் பஞ்சத்தைத் தேடி: இணைய நூற்பட்டியல்கள், தரவுத்தளங்கள் வழியாக ஆய்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வுக்குள் புதிதாக வரும் மாணவர்கள் பலர் முதல் மாதத்தில் சொல்வது ஒன்றுதான்: "இந்தத் தலைப்புல ஒண்ணுமே கிடைக்கலைங்க." தேடுபெட்டியில் இரண்டு சொல் தட்டி, வந்த முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்திருப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பொருள் எங்கோ இருக்கத்தான் செய்யும். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்று, பட்டியல் போட்ட நூலகர் வைத்த பெயர் வேறொன்று. அந்த இன்னொரு பெயரைக் கண்டுபிடிப்பதுதான் பாதி ஆய்வு. இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றியே வரும்.

பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரே தலைப்பை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சம். நம் ஊர்ப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது இதைத்தான்.

முதலில் கேள்வி, அப்புறம் தேடல்

"தாது வருஷப் பஞ்சம்" என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. தலைப்பை வைத்துத் தேடினால் ஆயிரம் முடிவு வரும், எதைப் படிப்பது என்று தெரியாது. ஒரு தாளை எடுத்து, ஒரே வாக்கியத்தில் கேள்வியை எழுதுங்கள். "1877இல் சேலம் மாவட்டத்தில் பஞ்ச நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள், அது ஏன் குறைந்தது?" இப்படி எழுதியதும் இடம், காலம், பொருள் மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. அந்த மூன்றுக்கும் கீழே செங்குத்தாக மூன்று பத்தி போடுங்கள். இனிமேல் கிடைக்கும் சொற்களெல்லாம் அந்தப் பத்திகளுக்குள் போகும்.

சொற்களைச் சேகரிப்பது

இந்தப் படிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அவசரப்பட வேண்டாம்.

பொருள் பத்தியில் இருந்து தொடங்குவோம். தமிழில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்கிறோம். ஆங்கிலத்தில் யாரும் அப்படி எழுதவில்லை. "கிரேட் ஃபேமின்", "மெட்ராஸ் ஃபேமின்" என்றுதான் இருக்கும். அரசு அதிகாரிகள் பல இடங்களில் பஞ்சம் என்ற சொல்லையே தவிர்த்து "ஸ்கேர்சிட்டி", "டிஸ்ட்ரெஸ்" என்று எழுதினார்கள். நிவாரணத்துக்கு "ரிலீஃப் வொர்க்ஸ்", "ரிலீஃப் கேம்ப்". கூலியைப் பற்றித் தேடினால் "டெம்பிள் வேஜ்" என்ற சொல் கண்ணில் படும். 1877 ஜனவரியில் பஞ்ச நிலையைப் பார்வையிட வைஸ்ராய் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், ஓர் ஆணுக்கு ஒரு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வெட்டிய கூலிக்கு அந்தப் பெயர். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். ஆக, "டெம்பிள்", "கார்னிஷ்" என்ற இரண்டு பெயரும் உங்கள் தேடுசொல் பட்டியலுக்கு வந்துவிட்டன.

தமிழ்ப் பக்கம் வேறு உலகம். பஞ்சக் கும்மி, பஞ்சச் சிந்து, கஞ்சித் தொட்டி. "வருஷம்" என்றும் "வருடம்" என்றும் எழுதியிருப்பார்கள், இரண்டையும் தேட வேண்டும். பஞ்சம் தாதுவோடு முடியவில்லை. அடுத்தது ஈஸ்வர வருஷம், அதையும் சேருங்கள். ஓர் எச்சரிக்கை: தமிழ் வருஷங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1936–37உம் தாதுதான். பழைய நூலின் முகப்பில் "தாது வருஷம்" என்று பார்த்ததும் 1876 என்று முடிவுகட்டாதீர்கள். அச்சகம், தாள், பதிப்பாளர் பெயர் எல்லாவற்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இடம் பத்தி இன்னும் முக்கியம். ஊர்ப் பெயர்கள் அன்றைக்கு வேறு. திருநெல்வேலி "டின்னவெலி", தஞ்சாவூர் "டாஞ்சூர்", திருச்சிராப்பள்ளி "ட்ரிச்சினாப்பொலி", மதுரை "மதுரா", இலங்கை "சிலோன்". சேலம் மட்டும் நல்லவேளையாகச் சேலமாகவே இருக்கிறது. மாகாணத்தைச் சில பட்டியல்கள் "மெட்ராஸ் பிரசிடென்சி" என்று சொல்லும், சில "தமிழ்நாடு" என்று இன்றைய பெயரிலேயே போட்டிருக்கும். இரண்டையும் எழுதி வையுங்கள்.

நூற்பட்டியலில் தேடுவது

நூலகப் பட்டியல் வேறு, தரவுத்தளம் வேறு. இந்த வேறுபாடு புரியாமல்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பட்டியல் என்பது ஒரு நூலகத்தில் எந்தெந்தப் புத்தகம், இதழ், வரைபடம் இருக்கிறது என்று சொல்வது. புத்தகத்துக்குள் இருக்கும் கட்டுரைகளைப் பெரும்பாலும் சொல்லாது. இந்தப் பஞ்சத்தைப் பற்றிய மிக முக்கியமான கட்டுரைகளில் ஒன்று டேவிட் அர்னால்டு எழுதியது, குடியானவர்கள் பஞ்சத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள், என்ன செய்தார்கள் என்பது பற்றி. அது 1984இல் வந்த "சபால்டர்ன் ஸ்டடீஸ்" மூன்றாம் தொகுதிக்குள் இருக்கிறது. பட்டியலில் "ஃபேமின்" என்று தட்டினால் அந்தத் தொகுதி வராமலே போகலாம், ஏனென்றால் அதன் தலைப்பில் பஞ்சமே இல்லை. புத்தகத்துக்குப் பட்டியல், கட்டுரைக்குத் தரவுத்தளம். இரண்டிலும் தேட வேண்டும்.

பட்டியலில் தொடங்க எளிய இடம் வேர்ல்ட்கேட். உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான நூலகங்களின் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. அதில் ஒரு நல்ல புத்தகத்தைக் கண்டுபிடியுங்கள். உதாரணத்துக்கு வில்லியம் டிக்பி 1878இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட "தி ஃபேமின் கேம்பைன் இன் சதர்ன் இந்தியா". அவர் "மெட்ராஸ் டைம்ஸ்" பத்திரிகையின் ஆசிரியர், நிவாரண நிதிக் குழுவின் செயலாளராகவும் இருந்தவர், உள்ளிருந்து பார்த்தவர். புத்தகம் கிடைத்ததும் டவுன்லோடு செய்ய ஓட வேண்டாம். அந்தப் பதிவின் கீழே "சப்ஜெக்ட்" என்ற வரி இருக்கும், அதைப் படியுங்கள். அங்கே இருப்பதுதான் நூலகர் அந்தப் பொருளுக்கு வைத்த பெயர்.

இந்தப் பெயர்களைப் பொருள் தலைப்பு என்பார்கள். உலகின் பெரும்பாலான பெரிய நூலகங்கள் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வகுத்த பொருள் தலைப்புகளைப் பயன்படுத்துகின்றன. பஞ்சத்துக்கு அதில் "ஃபேமின்ஸ்", பன்மையில். அதன் கீழே கோடு போட்டு நாடு, பகுதி வரும். நிவாரணத்துக்கு "ஃபுட் ரிலீஃப்". அந்தத் தலைப்பின் மேல் கிளிக் செய்தால், தலைப்பில் பஞ்சம் என்ற சொல்லே இல்லாத, ஆனால் பஞ்சத்தைப் பற்றிய நூல்களும் வந்து நிற்கும். எத்தனையோ முறை செய்துவிட்டேன், இப்போதும் இது எனக்குச் சந்தோஷம் தரும் வேலை. ஒரு நல்ல புத்தகம் பிடிபட்டால் அதன் பொருள் தலைப்பு வழியாக இன்னும் பத்து கைக்கு வரும்.

அரசு அறிக்கைகளில் ஒரு சிக்கல் உண்டு. பஞ்சத்துக்குப் பின் அமைத்த ஆணையத்தின் தலைவர் ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி; அறிக்கை 1880இல் வரத் தொடங்கியது. அவர் பெயரை ஆசிரியர் என்ற இடத்தில் தட்டினால் அறிக்கை வராமல் போகலாம். நூலக மரபில் அந்த அறிக்கையின் ஆசிரியர் ஆணையம்தான். அதனால் "இந்தியன் ஃபேமின் கமிஷன்" என்று தேடுங்கள். மாகாண அரசு வெளியிட்டவற்றுக்கு ஆசிரியர் "மெட்ராஸ்" என்றே இருக்கும்.

சேலத்துக்கு வருவோம். மாவட்டத் தகவல் திரட்டுகள் 19ஆம் நூற்றாண்டில் "மேனுவல்", 20ஆம் நூற்றாண்டில் "கெசட்டியர்". லெ ஃபானு தொகுத்த சேலம் மேனுவல் 1883இல் வந்தது, ரிச்சர்ட்ஸின் சேலம் கெசட்டியர் 1918இல். "கெசட்டியர்" என்று மட்டும் தேடினால் பஞ்சத்துக்கு மிக அருகில் எழுதப்பட்ட முதல் நூல் கை நழுவிவிடும்.

தமிழ் நூல்களை ஆங்கில எழுத்தில் தேடுவது

தமிழ் ஆய்வாளர்களைப் பெரிதும் ஏமாற்றுவது இந்தப் பகுதிதான், ஆனால் யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. வெளிநாட்டு நூலகங்களில் உள்ள தமிழ் நூல்கள் பலவற்றின் பதிவு ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், அதுவும் நாம் வாட்ஸப்பில் எழுதுகிற மாதிரி இல்லை. உச்சரிப்பைப் பார்க்காமல் தமிழ் எழுத்தைப் பார்த்து மாற்றும் முறை அது. க எங்கே வந்தாலும் கே. ச எங்கே வந்தாலும் சி. த, ட இரண்டுக்கும் டேபிளுக்கு வரும் டி. ட என்றால் அடியில் ஒரு புள்ளி. ப எங்கே வந்தாலும் பேப்பருக்கு வரும் பி. ழ என்பதற்கு எல் போட்டு அடியில் கோடு, இசட்-ஹெச் கிடையாது.

அப்படியானால் "பஞ்சம்" என்பதை நாம் ஜே போட்டு எழுதுவோம், பட்டியலில் அந்த இடத்தில் சி இருக்கும். "தாது" என்பதை டி-ஹெச் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. டேபிளின் டி இரண்டு இடத்திலும் வேண்டும். "சிலப்பதிகாரம்" எஸ்ஸில் தொடங்காது, சியில் தொடங்கும். புள்ளியும் கோடும் போட வேண்டியதில்லை, பெரும்பாலான பட்டியல்கள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு இந்த முறை தெரியவந்தது ஆய்வின் இரண்டாம் ஆண்டில். அதுவரை "இல்லை" என்று குறித்து வைத்திருந்த பல நூல்கள் ஒரே மாலையில் கிடைத்தன.

ஆசிரியர் பெயர்களில் மட்டும் இந்த விதி முழுக்கச் செல்லாது. பிரபலமானவர்களுக்கு ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட எழுத்துக்கூட்டலையே வைத்திருப்பார்கள். இரண்டு வகையிலும் தேடிப் பாருங்கள்.

தமிழ் எழுத்திலேயே தேடும் தளங்களில் வேறு வகைச் சிக்கல். "பஞ்சம்" என்று தேடினால் "பஞ்சத்தில்", "பஞ்சக்கும்மி" இரண்டும் வராது, ஏனென்றால் அந்தச் சொற்களில் "பஞ்ச" என்பதை அடுத்து "ம்" இல்லை. கடைசி எழுத்தை விட்டுவிட்டு "பஞ்ச" வரை மட்டும் கொடுத்து, தளம் அனுமதித்தால் நட்சத்திரக் குறி போடுங்கள். "பஞ்சக் கும்மி" என்று இடைவெளி விட்டும், "பஞ்சக்கும்மி" என்று சேர்த்தும் தேடுங்கள். ஒற்று மிகாமல் "பஞ்ச கும்மி" என்றும் பதிந்திருப்பார்கள்.

தமிழ் நூல்கள் இருக்கும் இடங்கள்

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலில் பார்க்க வேண்டியது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்கள், சிற்றேடுகள், துண்டறிக்கைகளிலிருந்து 1994இல் உருவானது. கும்மி, சிந்து போன்ற மலிவுப் பதிப்புகளைப் பெரிய நூலகங்கள் பெரும்பாலும் சேர்க்கவில்லை, அவர் சேர்த்தார். அதன் பட்டியலை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடலாம்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் ஸ்கேன் செய்யப்பட்டுத் திறந்தே கிடக்கின்றன. இலங்கை சார்ந்த எதற்கும் நூலகம் திட்டம், 2005இலிருந்து இயங்குகிறது. பஞ்சக் காலத்தில் நம் பக்கத்துக் கூலிகள் பெருங்கூட்டமாக இலங்கைக் காபித் தோட்டங்களுக்குப் போனார்கள்; அந்தக் கதையைத் தொட்டால் அங்கே தேடாமல் இருக்க முடியாது. கன்னிமாரா நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று.

கட்டுரைகளுக்குத் தரவுத்தளங்கள்

கூகுள் ஸ்காலரில் தொடங்குவதில் தவறில்லை, அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு. ஸ்காலரின் உண்மையான பலம் ஒவ்வொரு முடிவுக்கும் கீழே இருக்கும் "சைட்டட் பை" என்ற இணைப்பு. அர்னால்டின் 1984 கட்டுரையைத் தேடி எடுத்து அந்த இணைப்பைத் தட்டினால், அதற்குப் பின்னால் அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் வரிசையாக வரும். அடிக்குறிப்பு உங்களைப் பின்னோக்கிக் கூட்டிப் போகும், இந்த இணைப்பு முன்னோக்கிக் கூட்டிப் போகும். ஒரு நல்ல கட்டுரையை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் நடந்தால் அந்தத் துறையின் உரையாடல் மொத்தமும் தெரிந்துவிடும்.

ஜேஸ்டோரில் பழைய ஆய்விதழ்கள் முதல் இதழிலிருந்தே இருக்கும். பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டுகள் மட்டும் இருக்காது. கல்லூரிச் சந்தா இல்லாவிட்டாலும் இலவசக் கணக்குத் தொடங்கி, ஒரு மாதத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கைக் கட்டுரைகளைத் திரையில் படிக்கலாம். அதே தளத்தில் "சவுத் ஏசியா ஓப்பன் ஆர்கைவ்ஸ்" என்ற தொகுப்பு உண்டு. காலனிக் கால அறிக்கைகள், இதழ்கள் எல்லாம் அதில் இலவசம்.

தேடும் முறை இதுதான். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஒரே பொருள் தரும் சொற்களுக்கு இடையே "ஆர்", வெவ்வேறு பத்திச் சொற்களுக்கு இடையே "ஆண்ட்", இரண்டும் பெரிய எழுத்தில். நம் கேள்விக்கு: அடைப்புக்குறிக்குள் ஃபேமின் ஆர் ஸ்கேர்சிட்டி ஆர் டிஸ்ட்ரெஸ்; ஆண்ட்; அடுத்த அடைப்புக்குறிக்குள் மெட்ராஸ் ஆர் சேலம்; ஆண்ட்; அடுத்ததில் வேஜ் ஆர் ரிலீஃப். முதல் நாள் போட்ட மூன்று பத்தி அப்படியே மூன்று அடைப்புக்குறி ஆகிவிட்டது, பாருங்கள். நிறைய வந்தால் ஒரு பத்தி சேருங்கள், குறைவாக வந்தால் ஒரு பத்தியை எடுத்துவிடுங்கள்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்காவில் இருக்கின்றன. ஒரு ஆய்வேடு நம் தரத்துக்கு ஒத்து வராமல் போனாலும் அதன் துணைநூற்பட்டியலை மட்டும் தனிக் கோப்பாக எடுக்கலாம். எந்த ஆவணக்காப்பகத்தில் எந்தத் தொகுதியைப் பார்த்திருக்கிறார் என்பது அதில் தெரியும். நம் தலைப்பில் ஏற்கெனவே யாராவது ஆய்வு செய்திருக்கிறார்களா என்று பார்க்கவும் இதுதான் இடம். சினாப்சிஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

பணம் கட்டினால்தான் திறக்கும் என்று ஒரு கட்டுரை நின்றால், உடனே பின்வாங்க வேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். அப்படி இல்லையென்றால் அன்பேவால் என்ற சிறு நீட்சியை உலாவியில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆசிரியரே இலவசமாகப் போட்ட படி எங்காவது இருந்தால் காட்டும். அதுவும் இல்லாவிட்டால் ஆசிரியருக்கு இரண்டு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். தன் கட்டுரையை ஒருவர் கேட்டுப் படிக்கிறார் என்றால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

முழு நூல்களுக்குள் தேடுவது

இன்டர்நெட் ஆர்கைவிலும் ஹாத்தி டிரஸ்டிலும் 19ஆம் நூற்றாண்டு நூல்கள் குவிந்து கிடக்கின்றன. டிக்பியின் இரண்டு தொகுதியும் ஆர்கைவில் முழுதாகப் படிக்கலாம். ஹாத்தியில் சில நூல்கள் அமெரிக்காவுக்கு வெளியே திறக்காது. அப்போதும் ஒரு சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதை அது காட்டும். அந்தப் பக்க எண்ணை வைத்துக்கொண்டு நூல் இருக்கும் இடத்தில் போய்ப் பார்க்கலாம்.

ஸ்கேன் செய்த தமிழ் நூல்களில், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் கருவியான எழுத்துணரியை நம்பாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் லை, னை, ளை, ணை எல்லாம் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய வடிவில் இருக்கும். கருவி அடிக்கடி தவறாகப் படிக்கும். தேடி வரவில்லை என்பதால் நூலில் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. பொருளடக்கத்தைப் படித்து, பக்கங்களைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

பத்திரிகைகளில் இன்னொரு பொறி. "தி இந்து" தொடங்கியது 1878 செப்டம்பரில், "சுதேசமித்திரன்" 1882இல். பஞ்சத்தின் உச்சத்தில் இரண்டுமே இல்லை. "மெட்ராஸ் மெயில்", "மெட்ராஸ் டைம்ஸ்" இருந்தன. ஒரு மூலத்தில் தேடுவதற்கு முன் அது பிறந்த ஆண்டைப் பாருங்கள், ஒரு வாரம் மிச்சமாகும்.

படங்கள் வேண்டுமா, லண்டனின் வெல்கம் கலெக்‌ஷன் தளத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஹூப்பர் எடுத்த பஞ்சப் படங்கள் இருக்கின்றன. எலும்பும் தோலுமாக நிறுத்திவைத்து எடுக்கப்பட்ட மனிதர்கள் அவர்கள். ஆய்வேட்டில் போடுவதற்கு முன் அவர்களை அலங்காரமாக்குகிறோமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் போடுங்கள்.

எண்ணை நம்புவதற்கு முன்

இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று தேடினால் ஒன்றுக்கொன்று லட்சக்கணக்கில் வேறுபடும் எண்கள் கிடைக்கும். பெரிய எண்ணையோ சின்ன எண்ணையோ பிடித்ததென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு எண்ணுக்கும் அடிக்குறிப்பைப் பிடித்துப் பின்னால் போங்கள். சில சென்னை மாகாணத்துக்கு மட்டும், சில மைசூர், பம்பாய், ஹைதராபாத் சேர்த்து. சில பதிவான மரணங்களை எண்ணியவை, சில 1871, 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு இடையே விழுந்த பள்ளத்திலிருந்து கணித்தவை. எது எந்தக் கணக்கு என்று ஒரு வரி சேர்த்து எழுதினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

குறித்து வைப்பது

ஸோட்டேரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளே நிறுவுங்கள். பட்டியல் பக்கத்தில் இருந்தபடி ஒரு கிளிக்கில் ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். தமிழ்ப் பெயர்களில் மட்டும் தலைப்பெழுத்தையும் பெயரையும் இடம் மாற்றிவிடும், உடனுக்குடன் திருத்துங்கள்.

அதோடு ஒரு தேடல் நாட்குறிப்பும் வேண்டும். தேதி, தளம், தட்டிய சொற்கள், எத்தனை முடிவு வந்தது, எதை எடுத்தீர்கள். ஒன்றும் வராத தேடலையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து கைடு "அங்கே பார்த்தாயா?" என்று கேட்கும்போது பதில் இருக்கும். கிடைத்த பதிவையும் அப்படியே சேமித்து வையுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் முதன்மைப் பட்டியல் அடுத்த ஜனவரி வரை இணையத்தில் இல்லை. அங்கே உள்ள, காலனி அரசின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் எண்களைக் குறித்து வைத்திருந்தவர்களின் வேலை மட்டும் நிற்கவில்லை.

வீட்டை விட்டுக் கிளம்பும் நாள்

சேலத்தின் நிவாரணக் கூலி பற்றிய வருவாய் வாரிய நடவடிக்கைகள், அரசாணைகள் பெருமளவு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில்தான் இருக்கின்றன. இணையத்தில் நீங்கள் செய்த வேலையெல்லாம் அங்கே ஒரு சீட்டாகச் சுருங்க வேண்டும்: துறை, அரசாணை எண், தேதி. டிக்பியின் அடிக்குறிப்பிலிருந்தும், ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலிலிருந்தும், பஞ்ச ஆணைய அறிக்கையின் பின்னிணைப்பிலிருந்தும் அந்த மூன்றையும் எடுத்து ஒரு நோட்டில் தேதி வரிசையில் எழுதிக்கொண்டு போங்கள். கல்லூரிக் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். காலையிலேயே போய் முதல் சீட்டில் 1877 ஜனவரி, பிப்ரவரி மாத ஆணைகளைக் கேளுங்கள். டெம்பிள் கூலி வெட்டு வந்த மாதங்கள் அவைதான்.